104-ஐத் தொட்டால் அம்மா பேசினார்!

பிளஸ் டூ ரிசல்ட் நாளன்று பத்திரிகை ஆபீஸின் டிஜிட்டல் டெஸ்க் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. நாங்கள் மனிதர்களாகவே இருக்க மாட்டோம்.

காலை 6 மணிக்கே வந்துவிடுவோம். 'ரிசல்ட் பார்ப்பது எப்படி?', 'மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்பது எப்படி?', 'துணைத் தேர்வு எழுத என்ன செய்ய வேண்டும்?', 'மார்க் குறைந்தால் என்ன படிக்கலாம்?' என்று முந்தின நாளே கட்டுரைகளை எழுதி, தலைப்பு வைத்து, படம் வைத்து, பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசையாக வைத்திருப்போம். அமைச்சர் மைக்கைப் பிடித்ததும் ஒவ்வொன்றாகப் பறக்கும்.

அந்த வருடம் எனக்குக் கொடுத்த வேலை கொஞ்சம் கனமானது. தேர்ச்சி பெறாத மாணவர்களுக்கான கட்டுரைகள். மொத்தம் 14. ஒவ்வொன்றின் கீழும் 'மனசு கஷ்டமா இருக்கா? பேசுங்க' என்று ஒரு மஞ்சள் பெட்டி வரும். அதில் தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104 பெரிய எழுத்தில் இருக்கும். போனில் பார்ப்பவர்கள் அந்த எண்ணைத் தொட்டால் போதும், நேராக டயல் ஆகிவிடும்.

இதழியல் டிப்ளமோ படித்தபோது எங்கள் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடங்களில் ஒன்று, 'தேர்வுத் தோல்வி பற்றி எழுதினால், கீழே உதவி எண் இல்லாமல் அனுப்பாதே' என்பது. நான் அனுப்பவில்லை. பெட்டி இருந்தது. 104-ம் இருந்தது.

ஆனால், அதைத் தொட்டால் விழுப்புரத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போனது.

"ஏன்டி, யார்யாரோ அழறாங்க!"

ரிசல்ட் வந்து அரை மணி நேரம் இருக்கும். சைலன்ட்டில் கிடந்த என் போனை எதேச்சையாகத் திருப்பினேன். அம்மாவிடமிருந்து ஐந்து மிஸ்டு கால். வேலை நேரத்தில் அம்மா கூப்பிடவே மாட்டார். பயந்துபோய்த் திருப்பி அடித்தால் பிஸி. மறுபடி பிஸி. அப்பா நம்பருக்கு அடித்தேன்.

"உங்கம்மா போன் ஓயவே மாட்டேங்குது பாப்பா. இந்தா, ஒரு நிமிஷம் இரு..."

அப்பாவின் போனில் அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டி, என் நம்பரை எங்கயாச்சும் குடுத்தியா? யார்யாரோ கூப்புடுறாங்க. எல்லாம் சின்னப் புள்ளைங்க. ஒருத்தி பேசவே இல்ல, அழுதுகிட்டே இருந்தா. 'நூத்தி நாலுங்களா'ன்னு ஒரு பையன் கேக்குறான். ராங் நம்பர்னு சொல்லி வெக்க மனசு வரல. என்னடி பண்ணுறது?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால், எங்கே கொடுத்தேன் என்று அந்த நொடியே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மார்ச் மாதம் அந்த மஞ்சள் பெட்டியைச் செய்தபோது, எங்கள் ஆபீஸ் டெவலப்பர் (நாங்கள் எல்லோரும் அவரை 'டெக் அண்ணா' என்றுதான் கூப்பிடுவோம்) "டெஸ்ட் பண்ண ஒரு நம்பர் சொல்லு" என்றார். என் போனில்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். என் நம்பருக்கு நானே கால் செய்ய முடியாதே? அதனால் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஒரு வேறு நம்பரைச் சொன்னேன். அம்மா நம்பர். தொட்டேன், அம்மா எடுத்தார், "சாப்பிட்டியா?" என்றார். டெஸ்ட் பாஸ்.

அந்தப் பெட்டியில் எண் இரண்டு இடங்களில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் எண் ஒன்று. அதை நாங்கள் டெஸ்க்கிலிருந்தே மாற்றலாம். விரல் தொட்டால் டயல் ஆகும் எண் இன்னொன்று. அது கோடுக்குள் எழுதப்பட்டிருந்தது. நான் முதலாவதை 104 என்று மாற்றினேன். இரண்டாவதில் அம்மா அப்படியே இருந்தார். லேப்டாப்பில் பார்த்தேன், 104 என்றிருந்தது. போனில் பார்த்தேன், 104 என்றிருந்தது. ஆனால், தொட்டுப் பார்க்கவில்லை.

சரி பண்ணியாச்சு... ஆனா போடல!

டெக் அண்ணாவின் சீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அதை மூணு வாரம் முன்னாடியே சரி பண்ணிட்டனேம்மா!" என்றார்.

உண்மைதான், சரி செய்திருந்தார். ஆனால், அது வாசகர்கள் பார்க்கும் வெப்சைட்டுக்குப் போகவில்லை. எப்படி என்று கேட்கிறீர்களா? எனக்கும் அன்றுதான் புரிந்தது.

எங்கள் வெப்சைட்டுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று, நீங்கள் போனில் பார்ப்பது. அதை 'லைவ்' என்போம். இன்னொன்று, டெவலப்பர்கள் புதிது புதிதாகச் செய்து பார்ப்பது. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் ஹாலையும் பின்கட்டுச் சமையலறையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டில் எது வேண்டுமானாலும் பாதி வெந்தும் வேகாமலும் இருக்கலாம். பந்திக்கு வரும்போது பதமாக வர வேண்டும். இந்தத் தனித்தனி வழிகளுக்கு 'பிராஞ்ச்' என்று பெயர். அதாவது கிளை.

அப்போது பின்கட்டில் புது முகப்புப் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. சந்தா கட்டும் பக்கமும் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் 104-க்கான திருத்தமும் உட்கார்ந்திருந்தது. 'எல்லாம் சேர்ந்து மே கடைசியில் லைவுக்குப் போகும்' என்று திட்டம். மொத்தம் 38 மாற்றங்கள். அதில் ஒன்று இது.

எங்கள் எடிட்டர் வந்து நின்றார். "மொத்தமா லைவ்ல போட்டுடலாமா?"

"சார், சந்தாப் பக்கம் இன்னும் டெஸ்ட் மோடுல இருக்கு. இன்னிக்கு இருக்கற கூட்டத்துல முகப்புப் பக்கம் விழுந்துச்சுன்னா எந்திரிக்காது" என்றார் டெக் அண்ணா.

"அப்ப அந்தப் பெட்டியை எடுத்துடு."

"எடுக்கறதும் கோடுலதான் சார் எடுக்கணும். அதுக்கு ஆகற நேரத்துல சரியே பண்ணிடலாம். எடுத்துட்டா இந்தப் பொண்ணோட அம்மாவுக்குப் போன் நிக்கும். ஆனா, பெயிலான புள்ளைக்கு நம்பரும் இல்லாமப் போயிடும்."

எடிட்டர் ஒரு நொடி யோசித்தார். என்னைப் பார்த்து, "14 கட்டுரையிலயும் முதல் பாராவுலயே '104 என்று நீங்களே டயல் செய்யுங்கள்'னு எழுது. பெட்டியை அவர் பாத்துக்கட்டும்" என்றார்.

நான் சீட்டுக்கு ஓடினேன். போகிற வழியில், "அண்ணா, நேரா லைவ் சர்வர்லயே போய் அந்த ஒரு நம்பரை மாத்திட முடியாதா?" என்று கேட்டேன். எளிய வழியாகத் தோன்றியது.

"முடியும். பத்து வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தான் பண்ணுவோம். ஆனா, அப்படி மாத்தினது எங்கயும் பதிவாகாது. அடுத்த தடவை புதுசு போடுறப்ப பழைய தப்பு மேல வந்து உக்காந்துடும். அடுத்த ரிசல்ட்டுக்கு மறுபடி உங்கம்மா போன் அடிக்கும். பரவால்லியா?"

பரவாயில்லை என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

கொத்திலிருந்து ஒரு பழம்

14 கட்டுரைகளிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றேன். திரையில் கறுப்புப் பின்னணியில் வரி வரியாக ஏதோ ஓடியது. "இதுதான் கிட்" என்றார்.

கிட் என்பது ஒரு மென்பொருள். யார், எப்போது, எந்த ஃபைலில், எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் பதிவு செய்து வைத்திருக்கும். மளிகைக் கடை அண்ணாச்சியின் சிட்டை நோட்டு மாதிரி. இதை உருவாக்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். லினக்ஸைத் தந்தவரும் அவர்தான். லினக்ஸ் குழு அதுவரை பயன்படுத்திய வேறொரு மென்பொருளின் இலவச உரிமம் ரத்தானதால், 2005 ஏப்ரலில் அவரே எழுத உட்கார்ந்தார். சில நாட்களிலேயே கிட் தன்னுடைய கோடைத் தானே பதிவு செய்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இன்று உலகத்தின் பெரும்பாலான மென்பொருள்கள் இதில்தான் எழுதப்படுகின்றன. உங்கள் போனில் இருக்கும் ஆண்ட்ராய்டும்தான்.

கிட்டில் ஒவ்வொரு முறை சேமிப்பதற்கும் 'கமிட்' என்று பெயர். டெக் அண்ணா சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. "ஒவ்வொரு கமிட்டும் வீட்டை முழுசா எடுத்த ஒரு போட்டோ மாதிரி. நேத்து எடுத்ததையும் இன்னிக்கு எடுத்ததையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, நாற்காலி இடம் மாறியிருக்குன்னு தெரியும்ல? அந்த 'நாற்காலி இடம் மாறுச்சு'ங்கறதை மட்டும் எடுத்துட்டுப் போயி, இன்னொரு வீட்டுலயும் நாற்காலியை அதே மாதிரி நகர்த்தி வெக்கலாம். அந்த வீட்டுல மத்த எதையும் தொடாம."

இதற்குப் பெயர் 'செர்ரி-பிக்'. கொத்தில் இருக்கும் பழங்களில் ஒன்றை மட்டும் பறிப்பது. ஒவ்வொரு கமிட்டுக்கும் எண்ணும் எழுத்துமாக 40 இலக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. பெரும்பாலும் முதல் ஏழைச் சொன்னாலே கிட் கண்டுபிடித்துவிடும். டெக் அண்ணா பட்டியலில் மேலும் கீழும் போய், 'உதவி எண் பெட்டி: டயல் எண் சரி செய்யப்பட்டது' என்று மூன்று வாரத்துக்கு முன் அவரே எழுதிய குறிப்பைக் கண்டுபிடித்தார். அதன் ஏழு இலக்கங்களை எடுத்தார். லைவ் கிளைக்கு வந்தார். 'கிட் செர்ரி-பிக்' என்று அடித்து, ஏழு இலக்கத்தையும் ஒட்டி, என்டர் தட்டினார்.

'முடிந்தது' என்று வரும் என எதிர்பார்த்தேன். 'கான்ஃப்ளிக்ட்' என்று வந்தது. மோதல்.

நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். "இது நல்லதும்மா. தெரியாததைத் தெரியலன்னு சொல்லுதுல்ல?"

விஷயம் இதுதான். பின்கட்டில், எண் இருக்கும் வரிக்கு ஒட்டினாற்போல் பெட்டியின் நிறத்தையும் யாரோ மாற்றியிருந்தார்கள். லைவில் அந்த நிறம் இல்லை. 'எதை வைத்துக்கொள்ள, எதை விட?' என்று கிட்டால் தானாக முடிவெடுக்க முடியவில்லை. அதனால் ஏழு அம்புக்குறிகளைப் போட்டு லைவில் இருப்பதையும், நடுவில் ஒரு கோடு போல ஏழு சமக்குறிகள் போட்டு, கீழே வர வேண்டியதையும் காட்டியது. 'நீயே சொல்' என்று அர்த்தம். டெக் அண்ணா எண் வரியைப் புதியதிலிருந்து எடுத்தார். நிறத்தைப் பழையபடியே விட்டார். குறிகளை அழித்தார். சேமித்தார்.

மணி 10.40.

இரண்டாவது பழம்

லைவுக்குப் போகும்முன் ஒரு ஒத்திகை மேடை இருக்கிறது. அங்கே போட்டுப் பார்த்தோம். என் போனில் கட்டுரையைத் திறந்தேன். பெட்டியே இல்லை. மஞ்சளும் இல்லை, எண்ணும் இல்லை. வெறும் வெள்ளை.

இந்த முறை டெக் அண்ணா சிரிக்கவில்லை.

இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தார். "ஆங்... இது தனியா வராது. இதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு" என்றார். எண்ணை டயல் செய்யத் தகுந்தபடி இடைவெளி, கோடுகளை நீக்கித் தருகிற ஒரு சின்னக் கருவியை முந்தின கமிட்டில் எழுதியிருந்தார். புதுத் திருத்தம் அந்தக் கருவியைக் கூப்பிடுகிறது. லைவில் அந்தக் கருவியே இல்லை. கூப்பிட்ட ஆள் வராததால் பெட்டி படுத்துவிட்டது.

ஒன்றை மட்டும் பறிப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். நமக்குத் தனிப்பழமாகத் தெரிவது, காம்போடு இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிட் எழுத்துகளை ஒப்பிடும். எது எதை நம்பியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் செய்ததைத் திரும்ப எடுத்தார். இப்போது இரண்டு கமிட்டுகள். பழையது முதலில், புதியது அடுத்து. வரிசை மாறக் கூடாது. மறுபடி அதே நிற மோதல். மறுபடி அதே தீர்வு. ஒத்திகை மேடையில் பெட்டி வந்தது. அவர் என் போனை என் கையிலேயே கொடுத்து, "தொடு" என்றார்.

தொட்டேன். திரையில் 104 டயல் ஆனது. பேசுபவர்களின் நேரத்தை வீணாக்கக் கூடாதென்று உடனே துண்டித்தேன்.

"பத்து வரி மாத்த இவ்வளவு நேரமான்னு நினைக்காத. லினக்ஸ் ஆளுங்களே இப்படித்தான் பண்றாங்க" என்றார். பின்னாளில் தேடிப் படித்தேன். உண்மைதான். ஏற்கெனவே வெளியிட்டுவிட்ட லினக்ஸ் பதிப்புகளுக்குத் திருத்தம் அனுப்ப அவர்கள் விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் திருத்தம் முதலில் முக்கியக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். அக்கம்பக்க வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக் கூடாது. உண்மையிலேயே ஆட்களைத் தொந்தரவு செய்யும் பிழையைத்தான் சரி செய்ய வேண்டும். 'இருக்கட்டுமே' என்று கூடவே எதையும் சேர்த்து அனுப்ப முடியாது.

மணி 11.05. லைவில் போட்டார். எங்களுக்கு நான்கு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் ஏறியதா என்று விரல்விட்டு எண்ணினார். ஏன் அப்படி எண்ணினார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி, அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் புதுக் கோடு போட வேண்டியிருந்தது. ஏழில் போட்டார்கள். ஒன்றில் விட்டுப்போனது. பழைய கோடு ஓடிய அந்த ஒரு சர்வர், சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் அளவுக்கு நஷ்டத்தை ஏற்படுத்திவிட்டது.

அடுத்து, பக்கங்களின் பழைய நகல்கள் வேறு இடங்களில் சேமிப்பில் இருக்கும். அந்த 14 பக்கங்களின் நகல்களையும் அழித்தார். மணி 11.12.

"முடிஞ்சுது. இனிமே யாரு திறந்தாலும் 104-தான்" என்றார்.

"இனிமே திறந்தா... சரி. ஏற்கெனவே திறந்து வெச்சிருக்கவங்களுக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. ஒருவர் போனில் ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்துக்குள் போய் யாராலும் எதையும் மாற்ற முடியாது. அவர்கள் புதுப்பித்தால்தான் உண்டு.

கணக்குல 52

உடனே அப்பா நம்பருக்கு அடித்தேன். "சரி பண்ணிட்டோம்பா. கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும். யாராவது கூப்பிட்டா 104-க்கும், 14416-க்கும் பேசச் சொல்லச் சொல்லுங்க." 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். அதையும் பெட்டியில் போடாமல் விட்டது அன்று என்னுடைய இன்னொரு தவறு.

"அதை அவ எப்பவோ சொல்ல ஆரம்பிச்சுட்டா. இரு, பேசிட்டிருக்கா" என்றார் அப்பா. போனைக் காதிலிருந்து எடுத்துக் கையிலேயே பிடித்திருந்தார் போல. அம்மாவின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"நான் நூத்தி நாலு இல்லம்மா. நம்பர் மாறி வந்துடுச்சு. பரவால்ல, நீ சொல்லு... எத்தன பாடம்? ஒண்ணுதான? கணக்கா? அடி போடி, நானும் கணக்குல பெயில்தான். அப்பல்லாம் 200-க்கு 70 எடுக்கணும். நான் 52... ஆமா, பொய்யா சொல்றேன்? வீட்டுல உங்கம்மா இருக்காங்களா? அவங்ககிட்ட போனைக் குடு. நான் பேசுறேன்."

எனக்கு அம்மாவைப் பற்றித் தெரிந்த கதை வேறு. 'பிளஸ் டூ முடிச்சதும் கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க, அதான் மேல படிக்கல' என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை. நான் பத்தாவதில் கணக்கில் மார்க் குறைந்து வந்தபோதுகூட அம்மா இதைச் சொன்னதில்லை. திட்டினார். டியூஷனில் சேர்த்துவிட்டார். அவ்வளவுதான்.

பெற்ற பெண்ணிடம் 24 வருடங்கள் மறைத்து வைத்திருந்த மார்க்கை, முகம் தெரியாத ஒரு பிள்ளையிடம் அம்மா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் போனை வைத்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் அழைப்புகள் குறைந்தன. ஆனாலும், இரவு 9 மணி வரை ஒன்றிரண்டு வந்தன. காலையில் திறந்த பக்கத்தை அப்படியே வைத்திருந்து, வெகுநேரம் யோசித்து, ராத்திரி தொட்டவர்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அம்மாவின் போன் பட்டியலில் அன்றைய கணக்கு 23.

இரவு அம்மாவே பேசினார். முதலில், "சாப்பிட்டியா?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பா போன் ஆன்லயே இருந்துச்சாமே..." என்றார்.

"ஆமாம்மா."

"52-ன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"உன்கிட்ட சொன்னா, 'நீயே பெயில்தானே'ன்னு படிக்காம விட்டுடுவியோன்னு பயம். அப்புறம் சொல்றதுக்கு நேரமே வரல." சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்கு அப்ப பேசறதுக்கு யாரும் இல்லடி. கிணத்தடியில போயி உக்காந்திருந்தேன். பாட்டி வந்து கூட்டிட்டுப் போனா."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆபீஸில் மறுநாள் ஒரு கூட்டம் நடந்தது. எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று காட்டும் கட்டளையும் கிட்டில் இருக்கிறது. அதன் பெயரே 'பிளேம்'. அதாவது, குற்றம் சாட்டுவது. அதைத் திறக்கும் முன்பே டெக் அண்ணா, "டைப் பண்ணினது நான்" என்றார். "நம்பர் குடுத்தது நான், தொட்டுப் பாக்காம விட்டதும் நான்" என்றேன். எடிட்டர் இருவரையும் பார்த்து, "யாருங்கறதை விடுங்க, அடுத்த தடவை எப்படி நடக்காதுன்னு எழுதுங்க" என்றார். எழுதினோம். டெஸ்ட்டுக்கு இனி யாருடைய சொந்த நம்பரும் கூடாது. உதவி எண் உள்ள பக்கம் வெளியே போகும் முன், ஒருவர் போனில் தொட்டே பார்க்க வேண்டும். அவசரமான திருத்தத்தைப் பெரிய வேலைகளோடு சேர்த்துக் காத்திருக்க வைக்கக் கூடாது. அன்றன்றே தனியாக லைவுக்கு அனுப்பிவிட வேண்டும். யாராவது 'சரி பண்ணியாச்சு' என்றால், 'லைவ்ல இருக்கா?' என்று கேட்காமல் நகரக் கூடாது.

கடைசி விதி வீட்டுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனதுக்குள் எப்போதோ சரி செய்துவிட்டு, எதிரில் இருப்பவருக்கு இன்னும் போய்ச் சேராத விஷயங்கள் நம் எல்லோரிடமும் எத்தனை இருக்கின்றன!

ஜூலை கடைசியில், துணைத் தேர்வு ரிசல்ட் வந்த அன்று அம்மாவிடமிருந்து போன். "அந்தக் கணக்குப் பொண்ணு பாஸாம்டி! எனக்குத்தான் மொதல்ல சொன்னாளாம்!" அந்தப் பெண்ணின் எண்ணை 'ரிசல்ட் பாப்பா' என்று பதிந்து வைத்திருக்கிறார் அம்மா.

ஒரு விஷயம் பாக்கி. பக்கத்திலிருந்து அம்மாவின் எண் போய்விட்டாலும், கிட்டின் வரலாற்றில் அது இன்னமும் இருக்கிறது. மார்ச் மாதக் கமிட்டைத் திறந்தால் பத்து இலக்கமும் தெரியும். எங்கள் ஆபீஸ் டெவலப்பர்கள் தவிர யாரும் அதைப் பார்க்க முடியாது. ஆனாலும் டெக் அண்ணா, "வரலாற்றையே திருத்தி எழுதி எடுக்கலாம். கொஞ்சம் பெரிய வேலை. அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு" என்றார்.

கேட்டேன்.

"நடந்ததை எதுக்குடி அழிக்கணும்? இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மா.

(மனம் கனமாக இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழக அரசின் உதவி எண்: 104. டெலி மானஸ்: 14416. இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)